நலவாழ்வுப் பாடம்: பெருவிரல் வீக்கமும் அதன் கூட்டாளிகளும்



நம் குழுக்களில் கடன் மனு எழுதும்போது, காரணம் என்ற இடத்தில் "மருத்துவச் செலவு" என்று எழுதுகிறோம். என்ன நோய் என்று கேட்டால், "கால் வலிங்க", "மூட்டு வலிங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். எந்த மூட்டு, எப்போது வலிக்கிறது, வேறு என்ன நோய் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. மெடிக்கல் கடையில் நாலு மாத்திரை, தெரிந்த இடத்தில் ஒரு ஊசி, அவ்வளவுதான். வலி போய்விடும். நோய் போகாது.

மூட்டு வலி எல்லாம் ஒரே வலி இல்லை. இந்த மாதம் அதில் ஒன்றைப் பற்றிப் படிப்போம். அதன் பெயர் கவுட். யூரிக் அமிலம் கூடுவதால் வரும் மூட்டு நோய் இது. வீட்டுக்காரருக்கோ, அப்பாவுக்கோ, மாமியாருக்கோ, நமக்கோ வரலாம். இதைத் தெரிந்துகொண்டால் காலோடு சேர்த்து சிறுநீரகத்தையும் இதயத்தையும் காப்பாற்றலாம். ஆகவே குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசும்படி இதை எழுதியிருக்கிறோம்.

யூரிக் அமிலம் எங்கிருந்து வருகிறது?

நம் உடம்பில் உள்ள செல்களிலும் நாம் சாப்பிடும் உணவிலும் பியூரின் என்ற பொருள் இருக்கிறது. அது உடையும்போது கிடைக்கும் கழிவுதான் யூரிக் அமிலம். இதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நம் உடம்பே உண்டாக்குவது. மீதி ஒரு பங்குதான் சாப்பாட்டிலிருந்து வருகிறது. இந்தக் கழிவைப் பெரும்பாலும் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. கொஞ்சம் மலத்தோடு போகிறது.

நம் ஊர்க் கண்மாயை நினைத்துப் பாருங்கள். வரத்துக் கால்வாயில் தண்ணீர் கூடுதலாக வந்தாலும் கண்மாய் நிறையும். கலுங்கு அடைபட்டுப் போனாலும் நிறையும். கவுட் நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கலுங்கில்தான் கோளாறு. அதாவது சிறுநீரகம் யூரிக் அமிலத்தைப் போதுமான அளவு வெளியேற்றுவதில்லை. ஆகவே "கறி தின்னதாலதான் வந்துச்சு" என்று நோயாளியைக் குற்றம் சொல்வது சரியில்லை. கறியே தொடாதவர்களுக்கும் இது வருகிறது. பரம்பரைக்கும் இதில் பங்கு உண்டு.

100 மில்லி ரத்தத்தில் யூரிக் அமிலம் சுமார் 7 மில்லிகிராமைத் தாண்டினால், அது கரைந்திருக்க முடியாமல் படிகமாக மாறத் தொடங்கும். உப்பளத்தில் தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு பூக்கிறதே, அது போலத்தான். உடம்பில் குளிர்ச்சியான இடம் கால் நுனி. அதனால் ஊசி போன்ற அந்தப் படிகங்கள் பெரும்பாலும் கால் பெருவிரல் மூட்டில் முதலில் சேர்கின்றன. உடம்பின் காவல் செல்கள் அவற்றை எதிரி என்று நினைத்துத் தாக்கும்போதுதான் வீக்கமும் வலியும்.

இது கவுட்தானா?

கவுட் வலி வரும் விதமே தனி. ராத்திரி நன்றாகப் படுத்தவர் நடுச்சாமத்தில் அலறி எழுந்திருப்பார். பெருவிரல் மூட்டு சிவந்து, பளபளவென்று வீங்கி, தொட்டால் கொதிக்கும். "போர்வை பட்டாக்கூட உசுரு போகுது" என்பார்கள். 12 முதல் 24 மணி நேரத்தில் வலி உச்சத்துக்குப் போகும். மருந்தே சாப்பிடாவிட்டாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். வலி நின்றதும் "சரியாப்போச்சு" என்று விட்டுவிடுகிறோம். படிகங்கள் மூட்டுக்குள் அப்படியே இருக்கும். அடுத்த வலி ஆறு மாதத்தில் வரலாம், ஒரு வருடத்தில் வரலாம். கவனிக்காமல் விட்டால் இடைவெளி குறைந்துகொண்டே வரும். கணுக்கால், முழங்கால், மணிக்கட்டு, விரல்கள் என்று பரவும். வருடக்கணக்கில் விட்டால் காது மடலிலும் முழங்கையிலும் விரல் கணுக்களிலும் சுண்ணாம்பு போன்ற முடிச்சுகள் வரும், மூட்டு கோணிப்போகும்.

மற்ற மூட்டு வலிகள் எப்படி இருக்கும் என்றும் தெரிந்துகொள்வோம்.

மூட்டுத் தேய்மானம்: மெதுவாக வரும். நடந்தால், படி ஏறினால் வலி கூடும். உட்கார்ந்தால் குறையும்.

முடக்கு வாதம்: பெண்களுக்கு அதிகம் வரும். இரண்டு கைகளிலும் சின்ன மூட்டுகள் வீங்கும். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கை மடங்காது.

சிக்குன்குனியா: 2006இல் தமிழ்நாட்டில் பரவியபோது பல ஊர்களில் வீடு வீடாகப் படுத்தார்களே, அந்தக் காய்ச்சல். காய்ச்சலோடு பல மூட்டுகள் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும்.

மூட்டில் சீழ் வைத்தல்: ஒரே மூட்டு சிவந்து வீங்கி, குளிர் காய்ச்சலும் இருந்தால் இதுவாக இருக்கலாம். பார்வைக்குக் கவுட் போலவே இருக்கும். ஆனால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சர்க்கரை நோயாளிக்குக் காலில் புண்ணும் வீக்கமும் இருந்தாலும் அப்படியே.

ரத்தப் பரிசோதனை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. வலி வந்திருக்கும் நேரத்தில் யூரிக் அமிலம் சரியான அளவில் இருப்பது போலவே காட்டலாம். வலி தணிந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அதே போல, யூரிக் அமிலம் கூடுதலாக இருக்கும் எல்லோருக்கும் கவுட் வருவதில்லை. நம்பரைப் பார்த்துப் பயந்து நாமாக மாத்திரை போடக் கூடாது. மூட்டு நீரை எடுத்து மைக்ராஸ்கோப்பில் படிகம் பார்ப்பதுதான் உறுதியான பரிசோதனை.

பெண்களுக்கு வராதா?

"இது ஆம்பளைங்க நோய்" என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. மாதவிலக்கு நிற்கும் வரை நம் உடம்பில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், யூரிக் அமிலத்தை வெளியேற்ற சிறுநீரகத்துக்கு உதவுகிறது. மாதவிலக்கு நின்ற பிறகு அந்தக் காவல் போய்விடுகிறது. ஆகவே 50, 60 வயதுக்கு மேல் பெண்களுக்கும் கவுட் வரும். அவர்களுக்கு விரல் மூட்டுகளிலும் வரலாம். ஏற்கெனவே தேய்ந்த விரல் என்பதால், "வயசாச்சுல்ல, வலிக்கத்தான் செய்யும்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். சின்ன வயதுப் பெண்ணுக்குக் கவுட் வந்தால், அவசியம் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும்.

கூட்டாளிகள் யார்?

இந்தப் பாடத்தில் முக்கியமான பகுதி இதுதான். கவுட் தனியாக வருவது குறைவு. கூட்டாளிகளோடுதான் வரும்.

முதல் கூட்டாளி சிறுநீரக நோய். சிறுநீரகம் பழுதானால் யூரிக் அமிலம் தேங்கும். யூரிக் அமிலம் சிறுநீரகத்தில் கல்லாகவும் மாறும்.

இரண்டாவது ரத்தக் கொதிப்பு. மூன்றாவது சர்க்கரை நோய். நான்காவது உடல் பருமன், முக்கியமாக வயிற்றைச் சுற்றிப் போடும் சதை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது சிறுநீரகம் யூரிக் அமிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐந்தாவது இதய நோய். கவுட் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும் ஆபத்தும் மற்றவர்களைவிட அதிகம்.

ஆகவே பெருவிரல் வீங்கினால் காலை மட்டும் பார்த்து அனுப்பினால் போதாது. பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரில் புரதம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பிரஷரும் சர்க்கரையும் பல வருடம் சத்தம் போடாமலே இருக்கும். கவுட் சத்தம் போட்டு நம்மை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறது. போன இடத்தில் மற்றதையும் பார்த்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

சில மாத்திரைகளும் யூரிக் அமிலத்தைக் கூட்டும். பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கும் நீர் பிரியும் மாத்திரை, இதய நோயாளிகள் சாப்பிடும் சிறிய அளவு ஆஸ்பிரின், காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் கொடுக்கும் பைராசினமைடு ஆகியவை அப்படிப்பட்டவை. இதைப் படித்துவிட்டு யாரும் அந்த மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள். காசநோய் மாத்திரையை இடையில் விட்டால் உயிருக்கே ஆபத்து. "இந்த மாத்திரை சாப்பிடுறேன், மூட்டு வலிக்குது" என்று டாக்டரிடம் சொல்லுங்கள். மாற்றுவதா, தொடர்வதா என்று அவர் பார்த்துக்கொள்வார். பிரஷருக்கான மாத்திரைகளில் லோசார்டன் போல யூரிக் அமிலத்தைக் கொஞ்சம் குறைப்பவையும் உண்டு.

வலி வந்த அன்று என்ன செய்வது?

காலுக்கு ஓய்வு கொடுங்கள். தலையணை வைத்து உயர்த்தி வையுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். சூடான எண்ணெய் தேய்த்து உருவி விடுவது, சூடு வைப்பது, எரிச்சல் தரும் பற்றுப் போடுவது வேண்டாம்.

முடிந்தால் முதல் 24 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள். எவ்வளவு சீக்கிரம் மருந்து ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் வலி அடங்கும். வீக்கம் குறைக்கும் வலி மாத்திரை, கால்சிசின், ஸ்டீராய்டு என்று மூன்று வழிகள் இருக்கின்றன. யாருக்கு எது என்பது மற்ற நோய்களைப் பொறுத்தது. சிறுநீரகக் கோளாறு, இதய நோய், வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கு டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் கேடு செய்யும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும்.

எங்கள் கவலை எல்லாம் இந்த இடத்தில்தான். அன்றைய கூலி போய்விடக் கூடாது என்று வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு நாற்று நடவும் சித்தாள் வேலைக்கும் போகிறோம். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அதையே விழுங்குகிறோம். ஏற்கெனவே அடைபட்ட கலுங்கை அந்த மாத்திரை மேலும் அடைக்கிறது. கவுட் வலிக்குச் சாப்பிட்டது சிறுநீரகத்தைக் கெடுத்தால், அதற்குப் பிறகு டயாலிசிஸ்தான். ஒரு நாள் கூலியைக் காப்பாற்றப்போய் வாழ்நாள் முழுவதும் செலவு செய்யும் கதையாகிவிடும். என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத "மூட்டு வலிப் பொடி"களையும் வாங்காதீர்கள். உடனே கேட்கிறது என்றால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கக்கூடும்.

திரும்ப வராமல் தடுக்க

அடிக்கடி வலி வருகிறவர்களுக்கும், முடிச்சு உள்ளவர்களுக்கும், சிறுநீரகம் பாதித்தவர்களுக்கும் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் தினசரி மாத்திரை தேவைப்படும். அலோபியூரினால் என்பது அதில் பழைய, விலை குறைந்த மாத்திரை. இதை உருவாக்கியவர்களில் ஒருவர் கெர்ட்ரூட் எலியான் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி. 1918இல் பிறந்தவர். வேலை தேடிய காலத்தில் பெண் என்பதாலேயே ஆய்வுக்கூடங்கள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. டாக்டர் பட்டம்கூட முடிக்க முடியவில்லை. விடாமல் உழைத்தார். 1966இல் அலோபியூரினால் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1988இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. "பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்று யாராவது சொன்னால் இவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாத்திரையில் நாலு விஷயம் நினைவில் வேண்டும்.

1. இது வலி மாத்திரை இல்லை. கொஞ்சமாக ஆரம்பித்து டாக்டர் மெதுவாகக் கூட்டுவார். யூரிக் அமிலத்தை 6க்குக் கீழே கொண்டுவந்து அப்படியே வைத்திருப்பதுதான் குறிக்கோள்.

2. ஆரம்பித்த முதல் சில மாதங்களில் பழைய படிகங்கள் கரையும்போது மறுபடி வலி வரலாம். "மாத்திரை ஒத்துக்கல" என்று நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள்.

3. உடம்பில் தடிப்பு, அரிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் வந்தால் மட்டும் அன்றைக்கே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிலருக்கு இது கடுமையான ஒவ்வாமையாக மாறும்.

4. வலி இல்லை என்று நடுவில் விட்டுவிட்டால் படிகம் மறுபடி சேரும்.

செங்காந்தள்: பூ அழகு, கிழங்கு விஷம்

மேலே கால்சிசின் என்று ஒரு மருந்து சொன்னோம். அது நம் மாநில மலரான செங்காந்தளில் இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்றும் கார்த்திகைப்பூ என்றும் சொல்வோமே, அதுதான். ஒட்டன்சத்திரம், தாராபுரம், மூலனூர், கரூர் பக்கம் விவசாயிகள் இதைப் பந்தல் போட்டுப் பயிரிடுகிறார்கள். விதைகள் மருந்துக் கம்பெனிகளுக்குப் போகின்றன.

"அப்படின்னா கிழங்கையே அரைச்சுக் குடிச்சா என்ன?" என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம் கணக்கு. கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வாந்தி, வயிற்றுப்போக்கில் ஆரம்பித்து உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து உயிர் போகும். வள்ளிக்கிழங்கு என்று தவறாக நினைத்துச் சாப்பிட்டு இறந்தவர்களும் உண்டு. வீட்டுப் பக்கம் இந்தக் கொடி இருந்தால் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். யாராவது சாப்பிட்டுவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

சாப்பாட்டில் என்ன செய்யலாம்?

சாப்பாட்டுக் கட்டுப்பாடு உதவும். ஆனால் மாத்திரைக்குப் பதிலாகாது.

குறைக்க வேண்டியவை: ஈரல், சுவரொட்டி, மூளை, குடல் போன்ற உள்ளுறுப்புகள். நெத்திலி, மத்தி, இறால், கருவாடு. ஆட்டுக்கறியும் அளவோடுதான். நம் பக்கத்தில் கிடா வெட்டு, முனியாண்டி கோயில் பொங்கல், காதுகுத்து என்று வந்தால் ஒரே நாளில் மூன்று வேளையும் கறிதான். கூடவே சாராயமோ பீரோ சேர்ந்தால், அன்று ராத்திரியே பெருவிரல் பேசும். மதுவில் பீர் மிகவும் மோசம். இனிப்புக் கலர் தண்ணீர், பாட்டில் பழச்சாறு ஆகியவையும் யூரிக் அமிலத்தைக் கூட்டும். ஜிகர்தண்டா என்றைக்காவது ஒரு நாள் போதும்.

பயப்படத் தேவையில்லாதவை: பருப்பு, பயறு, கீரை, காளான் இவற்றில் பியூரின் இருந்தாலும், கறி மீன் போல இவை கவுட்டைக் கூட்டுவதில்லை. "பருப்பே கூடாது" என்று ஒதுக்கினால் நமக்குப் புரதம் எங்கிருந்து வரும்? சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

நல்லவை: நீர்மோர், ஆடை நீக்கிய பால், தயிர், முட்டை, காய்கறிகள். சர்க்கரை போடாத காபியும் கெடுதல் செய்யாது.

தண்ணீர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மதுரை வெயிலில் வேர்த்து வேர்த்து உடம்பு வற்றினால் யூரிக் அமிலம் கெட்டியாகும். ஆனால் வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இல்லையே என்று நம்மில் பலர் பகல் முழுவதும் தண்ணீரே குடிப்பதில்லை. கல் வருவதற்கும் கவுட் கூடுவதற்கும் இது ஒரு வழி. நாளுக்கு 2 முதல் 3 லிட்டர் குடிக்க வேண்டும். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவு மட்டும். வேலை இடத்தில் கழிப்பறை கேட்பதும் ஒரு சுகாதாரக் கோரிக்கைதான். குழுவாகச் சேர்ந்து கேட்கலாம்.

எடை கூடுதலாக இருந்தால் மெதுவாகக் குறையுங்கள். பட்டினி கிடந்தால் யூரிக் அமிலம் ஏறும். நாள் முழுக்க விரதம் இருப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

எங்கே போவது?

பிரஷர், சர்க்கரைப் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொண்டுவரும் பெண் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற சுய உதவிக் குழுப் பெண்கள்தான். அவர்கள் வரும்போது, "அக்கா, எனக்குக் கால் விரலும் வீங்குது" என்று சேர்த்துச் சொல்லுங்கள். மேல் சிகிச்சைக்கு வட்ட அரசு மருத்துவமனை, அதற்கு மேல் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. ஆலோசனைக்கு 104 என்ற எண்ணில் பேசலாம். வெளியில் மருந்து வாங்க வேண்டியிருந்தால் மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் விலை குறைவாகக் கிடைக்கும்.

போகும்போது இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எந்தத் தேதியில் எந்த மூட்டு வீங்கியது, முந்தின நாள் என்ன சாப்பிட்டது, எத்தனை நாள் வேலை போச்சு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வரவு செலவு எழுதத் தெரிந்த நமக்கு இது பெரிய வேலையா?

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் போன வருடம் மூட்டு வலிக்காக எத்தனை பேர் கடன் வாங்கினார்கள்? அவர்களில் எத்தனை பேருக்கு என்ன நோய் என்று தெரியும்?

2. 40 வயதுக்கு மேற்பட்ட உறுப்பினர்களில் எத்தனை பேர் ஒரு வருடத்துக்குள் பிரஷரும் சர்க்கரையும் பார்த்திருக்கிறோம்?

3. கடையில் வலி மாத்திரை வாங்கித் தினமும் சாப்பிடுகிறவர் நம்மில் யார்? அவருடன் ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போகப்போவது யார்? எந்தத் தேதியில்?

மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் பெயர்களையும் தேதியையும் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த கூட்டத்தில் தவணை வசூலுக்கு முன்னால் அதைப் படித்து, போய் வந்தாயிற்றா என்று கேளுங்கள்.